ஸ்தக்னாவில் இருக்கும் ‘ஸ்’ தக்சங்கில் எங்கே போனது?

வடமலைப்பயணி

வணக்கம். இரண்டு வருடம் லடாக்கில் லே நகரில் வேலை பார்த்துவிட்டு இப்போது மைசூரில் இருக்கிறேன். மொழியியல் படித்தவன் இல்லை. ஒரு கேள்வி மனதில் உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்கிறது, அதனால் இங்கே போடுகிறேன்.

லேயிலிருந்து சிந்து நதியை ஒட்டி மேலே போனால் ஸ்தக்னா என்று ஒரு பௌத்த மடம் வரும். பெயருக்கு ‘புலி மூக்கு’ என்று பொருள். ஸ்தக் புலி, னா மூக்கு. மடம் நிற்கும் குன்றைத் தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. போன மாதம் குடும்பத்தோடு பூட்டான் போயிருந்தோம். பாரோ பள்ளத்தாக்கில் பாறையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறதே அந்த மடம், அதன் பெயர் தக்சங். ‘புலிக்கூடு’ என்றார் வழிகாட்டி. எது புலி என்று கேட்டேன். ‘தக்’ என்றார்.

கைப்பேசியில் எழுதிக் காட்டச் சொன்னேன். லேயில் பெயர்ப்பலகையில் பார்த்துப் பழகிய அதே திபெத்திய எழுத்து. த-வின் தலைமேல் ஸ உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் க. “இந்த ஸ?” என்றேன். “அது எழுதத்தான், படிக்க இல்லை” என்றார்.

அப்புறம் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். ஸ்பிதுக், ஸ்தோக், ஸ்கர்து, ஸ்பிதி. மேற்கே எல்லாம் ‘ஸ்’ கூட்டம். கிழக்கே போகப் போக அது இல்லை. நட்சத்திரத்துக்கு லேயில் ‘ஸ்கர்மா’ என்பார்கள், திபெத்தின் லாசாக்காரர்கள் ‘கர்மா’ என்கிறார்கள். மேற்கே இருப்பவர்கள் சேர்த்தார்களா, கிழக்கே இருப்பவர்கள் விட்டார்களா?

அசைபிரிப்பவர்

கிழக்கே விட்டார்கள். அந்த ஸ இன்று எழுதத்தான். திபெத்திய எழுத்து உருவான 7ஆம் நூற்றாண்டில் அது படிக்கவும்தான் இருந்தது.

எழுத்து உருவானபோது பேச்சு எப்படியோ அப்படியே எழுதினார்கள். பேச்சு நகர்ந்துகொண்டே போனது, எழுத்து அங்கேயே நின்றுவிட்டது. ‘எட்டு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் ப, ர, க, ய, த என்று ஐந்து மெய்கள். உயிர் ஒன்றே ஒன்று. ‘ப்ர்க்யத்’. (தமிழ் எழுத்தில் இதைக் காட்டுவது கஷ்டம். அந்த ப் ‘அம்பு’வில் வரும் ஒலி, க் ‘தங்கம்’ என்பதில் வரும் ஒலி.) இத்தனையும் ஒரே அசை. இன்று லாசாவில் இதைச் சொன்னால் ‘க்யே’ என்று தொடங்கி, தொண்டையைச் சட்டென அடைத்து நிறுத்தினால் முடிந்தது. முன்னால் இரண்டு மெய் போயிற்று. பின்னால் இருந்த த் தொண்டை அடைப்பாகச் சுருங்கிற்று. போகிற போக்கில் அ-வை எ பக்கம் இழுத்துவிட்டும் போயிற்று.

டாஷி என்ற பெயரை எல்லோருக்கும் தெரியும். எழுத்தில் அது ‘ப்க்ர-ஷிஸ்’. முன்னால் இருந்த ப் விழுந்தது. க்ர் இரண்டும் உருகி, நாக்கை மடித்துச் சொல்லும் நம் ட ஆகிவிட்டது. ஆகவே ‘தாஷி’ என்று எழுதுவதைவிட ‘டாஷி’தான் லாசா உச்சரிப்புக்குப் பக்கம். நம்மிடம் அதற்கு எழுத்து இருக்கும்போது விடுவானேன்? பூட்டானில் ட்ராஷிகாங் என்று ஓர் ஊர் இருக்கிறது, அதிலும் இதே சொல்தான்.

வைகைக்கரை

எனக்கு ஒரு சந்தேகம். லடாக்கில் மடங்களில் நூல் ஓதுவது அதிகம். எழுத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டிச் சொல்லியே ‘ஸ்’ வந்திருக்கலாம் அல்லவா? நம் ஊரிலும் படித்தவர்கள் எழுதியிருப்பதைப் பார்த்துத் திருத்திப் பேசுவார்கள். எழுத்தில் இருப்பதெல்லாம் ஒரு காலத்தில் பேச்சில் இருந்தது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

அசைபிரிப்பவர்

கேட்க வேண்டிய சந்தேகம்தான். பதில் பால்டி மொழியில் இருக்கிறது.

ஸ்கர்து பக்கமும், நம் எல்லைக்குள் துர்துக் போன்ற ஊர்களிலும் பேசும் மொழி அது. பால்டி மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் இஸ்லாத்துக்கு மாறியவர்கள். திபெத்திய எழுத்தைக் கைவிட்டு, உருதுவைப் போல பாரசீக-அரபு எழுத்துக்குப் போய்விட்டார்கள். திபெத்திய எழுத்துக்கூட்டு தெரியாத ஒரு பால்டி மூதாட்டி ஏழு என்பதை ‘ப்துன்’ என்கிறார், எட்டை ‘ப்க்யத்’ என்கிறார். முன்னால் ப், பின்னால் த், இரண்டும் முழுசாக. எழுத்தைப் பார்த்து இதைச் சொல்ல வழியே இல்லை. வாய்வழியாகவே வந்தது.

இன்னொரு சாட்சி, திபெத்திய மொழியே அல்லாத உறவு மொழிகள். சீனாவின் சிச்சுவான் மலைகளில் ஜியாரோங் மொழிகள் என்று ஒரு கூட்டம் உண்டு. அதில் ஒன்றான ஜப்ஹுக்கில் எட்டு என்பதற்கு ‘குர்ச்சத்’. முதல் கு நம் குற்றியலுகரம் மாதிரி, உதட்டைக் குவிக்காமல் சொல்ல வேண்டும். அங்கேயும் ர், அங்கேயும் கடைசியில் த். திபெத்திய எழுத்து பொய் சொல்லவில்லை.

மோரேவாசி

இந்த இழையைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. நான் மணிப்பூரில் மோரே. எல்லையைத் தாண்டினால் பர்மாவின் தமு. எங்கள் ஊர்த் தமிழர்களில் பெரும்பாலோர் 1960களில் பர்மாவை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்தான். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மெய்தெய், பாட்டியோடு பாதி பர்மியம் என்று வளர்ந்தவள்.

எட்டு என்று நீங்கள் எழுதியதும் மிசோ நினைவு வந்தது. கல்லூரியில் என் அறைத்தோழி ஐசாலைச் சேர்ந்தவள். அவள் எண்ணுவது: பகத், பஹ்னிஹ், பதும், பலி, பஙா, பருக், பசரிஹ், பரியத். எட்டு ‘பரியத்’! ப, ர, ய, த எல்லாம் ஒழுங்காக வருகிறதே. ‘ப்ர்க்யத்’தோடு இது சொந்தமா?

பர்மியத்தில் எட்டு ‘ஷி’, கடைசியில் தொண்டை அடைப்போடு. எழுத்தில் மட்டும் ர-வும் முடிவில் ச்-உம் இருக்கும். சின்ன வயதில் பாட்டி எழுதச் சொல்லிக்கொடுத்தபோது, சொல்லாத எழுத்தை எதற்கு எழுத வேண்டும் என்று அழுதிருக்கிறேன்.

ரங்கூனும் அப்படித்தான். இன்று யாங்கோன் என்கிறார்கள். பர்மிய எழுத்தில் இன்றைக்கும் முதல் எழுத்து ர. ஐராவதி எயாவதி ஆனது, ப்ரோம் பியே ஆனது. 1989இல் ராணுவ அரசு ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர்களை மாற்றியபோது பேச்சில் இருக்கும் ய-வைக் கொண்டுவந்தது. பாட்டி சாகும்வரை ரங்கூன் என்றுதான் சொன்னார். பர்மாவின் மேற்குக் கரையில் இருக்கும் அரக்கான்காரர்கள் மட்டும் இன்றும் ர-வை ர என்றே சொல்வார்கள். அவர்களுடைய பழைய தலைநகர் ம்ரௌக்-ஊ. எங்கள் வீட்டுப் பர்மியத்தில் அது ம்யௌக்-ஊ.

அசைபிரிப்பவர்

எட்டு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். மிசோ, திபெத்தியம், பர்மியம் எல்லாம் திபெத்திய-பர்மியம் என்ற ஒரே மொழிக்குடும்பம், ‘ரியத்’ என்ற பகுதி எல்லாவற்றுக்கும் பொது. ஆனால் மிசோவின் ‘ப’ எல்லா எண்ணுக்கும் முன்னால் வருகிறது பாருங்கள், பகத், பலி, பஙா என்று. அது எண்களுக்கே ஒட்டும் ஒட்டு. ‘எட்டு’க்கு மட்டும் பரம்பரையாக வந்த ப் இல்லை. ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக எல்லாவற்றையும் சொந்தம் என்று சேர்த்துக்கொண்டால் ஏமாந்துபோவோம்.

சரி, உங்கள் ஊர்ப்பக்கமே வருகிறேன். மெய்தெயில் நான்கும் ஐந்தும் என்ன என்று சொல்லுங்களேன்.

மோரேவாசி

நான்கு ‘மரி’, ஐந்து ‘மஙா’.

அசைபிரிப்பவர்

நன்றி. இந்த ஐந்தில்தான் எனக்கு மிகப் பிடித்த கதை இருக்கிறது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பள்ளியில் ங, ஙா, ஙி, ஙீ என்று ஒரு வரிசையையே மனப்பாடம் செய்தோம். ‘அங்ஙனம்’ மாதிரி ஓரிரு சொல்லைத் தவிர அதற்கு நமக்கு வேலை வரவில்லை. இந்த மொழிகளில் அதற்கு வேலை உண்டு. ஐந்து என்ற சொல்லின் வேரே ஙா. பர்மியத்தில் வெறும் ‘ஙா’. திபெத்திய எழுத்தில் முன்னால் ஒரு ல், ‘ல்ங’. மெய்தெயில் மஙா. காச்சின் மலைகளின் ஜிங்போவிலும் மஙா. மேகாலயாவின் காரோ மொழியில் ‘பொஙா’, அந்த ப் ‘அம்பு’வின் ஒலி.

இப்போது காரோவின் உடன்பிறப்புகளான போடோவையும் திரிபுராவின் கொக்பொரோக்கையும் பாருங்கள். அங்கே ஐந்துக்கு ‘பா’. ஙா இல்லை!

நடந்தது என்னவென்றால், ஙா-வுக்கு முன்னால் ஒட்டிய சின்ன ப் முதலில் தனி அசைபோல இருந்தது. வேகமாகச் சொல்லச் சொல்ல இடையில் இருந்த உயிர் தேய்ந்து ‘ப்ஙா’ என்று ஒரே அசையானது. இரண்டு மெய்யில் ஒன்று போக வேண்டிய நிலை வந்தபோது, லாசாவில் முன்னொட்டு போனது, போடோவில் வேர் போனது. வாசலில் நின்றவன் வீட்டுக்காரன் ஆகிவிட்டான். ஐந்து என்ற பொருள் முழுவதும் இன்று, முன்பு பொருளே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்த அந்த ஒற்றை மெய்யின் மேல் நிற்கிறது. காரோவின் பொஙா மட்டும் கையில் இல்லாவிட்டால், ‘பா’வுக்கும் ‘ஙா’வுக்கும் உறவு என்று யாராவது சொன்னால் நானே சிரித்திருப்பேன்.

ஜிங்போவில் மூன்று, நான்கு, ஐந்து மூன்றுமே மஸும், மலி, மஙா. ஒரே ம மூன்றிலும் ஒட்டியிருக்கிறது. வரிசையாக எண்ணிக்கொண்டே போகும்போது ஓர் எண்ணின் முன்னொட்டு பக்கத்து எண்ணுக்குத் தொற்றிக்கொள்ளும். எண்கள்தான் தனித்தனியாக இருப்பதே இல்லையே.

முழு அசையுமில்லாமல், வெறும் மெய்யுமில்லாமல் நடுவில் நிற்கும் அந்த நிலைக்கு 1973இல் ஜேம்ஸ் மாட்டிசாஃப் என்ற மொழியியலாளர் ஒரு பெயர் வைத்தார். தமிழில் ‘ஒன்றரை அசை’ என்று சொல்லலாம். முதல் அரை மங்கலாக, உயிர் இருக்கிறதா இல்லையா என்பதுபோல் ஒலிக்கும். அடுத்தது முழு அசை, கனம் எல்லாம் அதன்மேல்.

மோரேவாசி

ஒன்றரை அசை என்றதும் புரிந்துவிட்டது. ஙப்பி! பர்மியத்தில் மீனுக்கு ‘ஙா’, நன்றாக நீட்டிச் சொல்ல வேண்டும். அதை உப்போடு அமுக்கிப் புளிக்க வைத்தால் ஙப்பி. அங்கே ஙா என்று நீட்டினால் பாட்டி உடனே திருத்துவார். “ங… பி” என்று, ங-வை விழுங்கினாற்போல் சொல்ல வேண்டும்.

ஒன்று என்பதும் அப்படித்தான். தனியாக எண்ணும்போது ‘தி’, தொண்டை அடைப்போடு. ஓர் ஆள் என்னும்போது ‘த-யௌ’, அந்த த காதில் விழுந்தும் விழாததுமாக.

அசைபிரிப்பவர்

இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்திருக்காது. முழுச் சொல்லாக இருந்த ‘ஙா’ கூட்டுச்சொல்லில் முன்னால் போய் நின்றதும் அரை அசையாகிவிட்டது. இன்னும் சில நூறு வருடம் போனால் அது வெறும் மெய்யாகிப் பி-யோடு ஒட்டலாம். ப்ஙா போனது இந்த வழியில்தான்.

பர்மியத்தில் மெய்ம்மயக்கம் (மெய்கள் அடுத்தடுத்து வருவது) கரைந்ததற்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. பகான் அருகே மியாசேதி கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. ஒரே செய்தியைப் பியூ, மோன், பழைய பர்மியம், பாளி என்று நான்கு மொழிகளில் பொறித்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கல்வெட்டுப் பர்மியத்தில் கல்லுக்குச் சொல் ‘க்லோக்’. பிறகு அந்த ல் ய் ஆனது, கடைசி க் தொண்டை அடைப்பானது. செய்திகளில் அடிபடும் க்யௌக்பியூ துறைமுகத்தின் முதல் பகுதி அதே சொல். ‘வெள்ளைக் கல்’.

வைகைக்கரை

என் சந்தேகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், பால்டி சாட்சி போதும். ஆனால் அடுத்த கேள்வி. இப்படித் தேய்ந்துகொண்டே போனால் எல்லாச் சொல்லும் ஒன்றுபோல ஆகிவிடாதா? லாசாவில் ஸ்தக் தக் ஆகிறது, ல்ங ங ஆகிறது. நான், நீ என்பதற்குக்கூட எங்கேயாவது ங இருக்குமே, குழப்பம் வராதா? சோம்பேறித்தனத்தால் மொழி கெடுகிறது என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தானா?

அசைபிரிப்பவர்

கெடவில்லை. சுமை இடம் மாறியது. நீங்கள் கேட்டதே பதிலுக்குச் சரியான சொல்: திபெத்தியத்தில் ‘நான்’ என்பதற்கு ‘ங’. ஐந்தும் ‘ங’. லாசாவில் இரண்டும் ஒன்றா? இல்லை. ‘நான்’ தாழ்ந்த தொனியில் வரும். ‘ஐந்து’ உயர்ந்த தொனியில் வரும். ஐந்துக்கு முன்னால் ல் இருந்ததே, அது போகும்போது குரலை உயர்த்தி வைத்துவிட்டுப் போயிற்று. அம்மாவுக்கு ‘ம’, தாழ்ந்த தொனி. புண்ணுக்கு எழுத்தில் ‘ர்ம’, பேச்சில் உயர்ந்த தொனியில் ‘ம’. மெய் போன இடத்தில் சுருதி நிற்கிறது. மெய்களை அப்படியே வைத்துக்கொண்ட பால்டியிலும், திபெத்தின் வடகிழக்கே பேசும் அம்தோவிலும் சொல்லைப் பிரித்துக்காட்ட இந்தத் தொனி தேவைப்படவில்லை.

பர்மியத்தின் உறவான லாஹு இதில் கடைசி எல்லைவரை போன மொழி. சொல்லின் முடிவில் ஒரு மெய்கூடக் கிடையாது, பதிலுக்கு 7 தொனிகள்.

தொனியும் காப்பாற்றாத இடம் உண்டு. எழுத்தில் மூக்குக்கு ‘ஸ்ன’, காதுக்கு ‘ர்ன’. லாசாவில் இரண்டும் உயர்ந்த தொனியில் ‘ன’. மூக்கும் காதும் ஒரே சொல்லானால் எப்படி? அதனால் பேச்சில் மூக்குக்குப் பின்னால் ஒன்றைச் சேர்த்து ‘னகுக்’ என்றார்கள், காதுக்கு ‘அம்ச்சோக்’ என்றார்கள். தேய்ந்த ஓரசை மறுபடி ஈரசை. முன்னால் நிற்கும் அசை மெல்ல மங்கத் தொடங்கினால் மறுபடி ஒன்றரை அசை. சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லா மொழியும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை, அவ்வளவுதான். அதனால்தான் ஒரே குடும்பத்தில் இத்தனை விதமான அசைகள் ஒரே காலத்தில் கிடைக்கின்றன.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. நம் ‘மரம்’ பழைய தெலுங்கில் ‘ம்ரானு’. உயிர் இடம் மாறி, முன்னால் மெய்ம்மயக்கம் வந்தது. பிறகு ர் விழுந்து ‘மானு’. முன்னால் மெய்ம்மயக்கத்தைப் பார்த்தவுடன் அது ஆதியிலிருந்தே இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கும் இது உதவும்.

வைகைக்கரை

அம்ச்சோக்கில் அந்த ம் எங்கிருந்து வந்தது? எழுத்தில் காதுக்கு ர்ன என்றுதானே சொன்னீர்கள்?

அசைபிரிப்பவர்

நல்ல கண். எழுத்தில் அந்த ம் இரண்டாம் பகுதிக்குச் சொந்தம், ‘ம்ச்சோக்’. தனியாகச் சொன்னால் ம் ஒலிக்காது. முன்னால் ஓர் உயிர் வந்தவுடன் அதன்மேல் சாய்ந்துகொண்டு வெளியே வந்துவிடும். ஏரிக்கும் கடலுக்கும் வரும் ‘த்சோ’ எழுத்தில் ‘ம்த்சோ’. பாங்கோங் த்சோ என்னும்போது ம் இல்லை. தலாய் லாமாவின் பெயரில் வரும் க்யாத்சோவிலும் (‘கடல்’) இல்லை. அதே சொல் பூட்டானில் பெயராகும்போது ஜம்த்சோ. ம் வந்துவிட்டது.

எண்களில் இன்னும் தெளிவாகத் தெரியும். லாசாவில் பத்து ‘ச்சு’, நான்கு ‘ஷி’. பதினான்கு? ‘ச்சுப்ஷி’. நாற்பது ‘ஷிப்ச்சு’.

வைகைக்கரை

அது நம் உடம்படுமெய் மாதிரிதானே? மணி + அடித்தது என்றால் ய் வருவதுபோல, இரண்டு அசை மோதாமல் இருக்க ஒரு மெய்.

அசைபிரிப்பவர்

இல்லை. உடம்படுமெய் ய் ஆகுமா வ் ஆகுமா என்பதை முன்னால் இருக்கும் உயிரைப் பார்த்தே சொல்லிவிடலாம். இங்கே முடியாது. ‘ச்சு’வோடு நான்கு சேர்ந்தால் ‘ச்சுப்ஷி’, ஒன்று சேர்ந்தால் ‘ச்சுக்ச்சிக்’. முன்னால் இருப்பது அதே உ. ஆனால் ஒரு தடவை ப், ஒரு தடவை க். ஏனென்றால் எழுத்தில் நான்குக்கு முன்னால் ப, ஒன்றுக்கு முன்னால் க. வருகிற மெய் எது என்பதை வருகிற சொல் முடிவு செய்கிறது. இடைவெளியை நிரப்ப வந்தது இல்லை, ஆயிரம் வருடமாக அங்கேயே இருப்பது.

வடமலைப்பயணி

இத்தனை நாள் படித்துக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பைலகுப்பே போய் வந்தேன். 1960களில் திபெத்திய அகதிகளுக்காக அமைந்த குடியிருப்பு, எங்களுக்கு இரண்டு மணி நேரப் பயணம்.

பொற்கோயில் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் துக்பா சாப்பிட்டோம். கடைக்கார அம்மாவுக்கு எழுபது வயதாவது இருக்கும், கன்னடம் நன்றாகப் பேசுகிறார். திபெத்தியத்தில் எண்ணிக் காட்டுவீர்களா என்று கேட்டேன். என் பையனுக்காகக் கேட்கிறேன் என்று நினைத்து, அவன் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாக மடித்து எண்ணினார். நான்குக்கு ஷி. ஐந்துக்கு ங, குரல் மேலே ஏறியது, நிஜமாகவே ஏறியது. பத்துக்கு ச்சு. அப்புறம் ச்சுக்ச்சிக் என்று தொடங்கி, நடுவில் இரண்டு எண் தாண்டி, ச்சுப்ஷி.

“அம்மா, ஷி-யில் ப் எங்கே இருக்கிறது?” என்றேன். ஷி-யில் ப் இல்லை என்றார். பதினான்கை மறுபடி சொல்லச் சொன்னேன். ச்சுப்ஷி என்றார். சொல்லிவிட்டு நிறுத்தினார். உதட்டை மூடித் திறந்து மெல்ல இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு மேசையில் சிந்தியிருந்த தண்ணீரில் விரலைத் தொட்டு, முதலில் ப எழுதினார், அதற்குப் பக்கத்தில் ஷி. சின்ன வயதில் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் பாடியதை அப்படியே ராகத்தோடு சொல்லிக் காட்டினார்.

ஐம்பது என்ன என்று என் பையன் கேட்டான். ‘ஙப்ச்சு’ என்றார். இந்தத் தடவை அந்த ப் வந்ததும் அவரே விரலை உயர்த்திக் காட்டினார்.

மோரேவாசி

ஙப்ச்சு! எங்கள் வீட்டு ஙப்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும், இங்கே ங ஐந்து, அங்கே மீன். ஆனாலும் படிக்கும்போது பாட்டியின் குரலில்தான் கேட்டது. அண்ணா, அடுத்த முறை போனால் அந்த அம்மாவிடம் எழுபதையும் எண்பதையும் கேட்டு எழுதுங்கள். நான் இங்கே தமு சந்தையில் அரக்கான்காரர் யாராவது கிடைத்தால் எட்டைச் சொல்லச் சொல்லி, ர இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வருகிறேன்.